தேயிலை இல்லாத டீ

வருஷத்துக்கு ஒரு முறை லேபிள் அதிகாரி வருவார். வருகிற தேதி தெரிந்துவிட்டால் போதும், அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் சாப்பாடு இறங்காது. முதலாளி சட்டைக் காலரை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். லேபிள் ஒட்டுகிற பசையக்கா, நேராக ஒட்டியதையே உரித்து இன்னும் நேராக ஒட்டுவாள். மூக்கம்மா மட்டும் அசைய மாட்டாள். தப்புச் செய்தவர்கள்தானே பயப்பட வேண்டும் என்பாள். அந்த வீறாப்புக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

இந்த வருஷம் அவளும் பயந்தாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மூக்கம்மா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, பட்டறை வைத்தது. மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே இருக்கும் புதினா எத்தனை நாள் பழசு என்று சொல்லிவிடுகிற மூக்கு அது. இருபத்திரண்டு வருஷமாக அங்கே ருசி பார்ப்பது அவள்தான். காய்ந்த இலை, பூ, வேர், பழத்தோல் எல்லாவற்றையும் கலந்து உறையில் அடைத்து, பெட்டியில் போட்டு விற்கிற இடம் அந்தப் பட்டறை. கப்பில் போட்டு வெந்நீர் ஊற்றி, ஐந்து நிமிஷம் மூடி வைத்துக் குடிக்கலாம். குடிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. அதை என்னவென்று அழைப்பது என்பதுதான் பெரிய ரோதனை.

முதலில் பெட்டியில் ‘மூலிகை டீ’ என்றுதான் போட்டிருந்தார்கள். லேபிள் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. தேயிலை ஒரு துளிகூட இல்லாத ஒன்றை டீ என்று எழுதக் கூடாது, அது வாங்குகிறவரை ஏமாற்றுவது என்று இருந்தது. முதலாளி எல்லாரையும் கூட்டி உட்காரவைத்துப் புதுப் பெயர் கேட்டார்.

"கஷாயம்னு போடுங்க" என்றார் வண்டி ஓட்டுகிறவர்.

"போட்டா காய்ச்சல் வந்தவன்தான் வாங்குவான். அவனும் மூக்கைப் பிடிச்சுக்கிட்டு வாங்குவான்" என்றார் முதலாளி.

"வெந்நீர்ல ஊறுதில்ல, ஊறல்னு வச்சிடலாம்" என்றாள் பசையக்கா.

"வச்சா முதல்ல போலீஸ்தான் வந்து நிக்கும். சாராயம் காய்ச்சறவன் பானையில இருக்கறதுக்குப் பேருதான் ஊறல்."

குடிநீர் என்று ஒருவர் சொன்னார். குழாயில் வருவதைப் பெட்டியில் போட்டு விற்கிறான் என்று ஊர் சிரிக்கும் என்றார் முதலாளி. கடைசியில் மூக்கம்மா வாயைத் திறந்தாள். "மூலிகைப் பானம்னு போடுங்க" என்றாள். அந்தப் பெயரில் ருசியும் இல்லை, வாசனையும் இல்லை, ஆனால் பொய்யும் இல்லை. அதுவே நிலைத்துவிட்டது.

எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். அவள் பெற்ற மகள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

மகளை எல்லாரும் வாலு என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்ததிலிருந்து சேட்டை. இருபத்து நான்கு வயதாகியும் அது போகவில்லை. முதலாளியின் நாற்காலியில் உட்கார்ந்து முதலாளியைப் போலவே காலரை இழுத்து விட்டுக்கொண்டு, அவர் வந்து நிற்பது தெரியாமல் இரண்டு நிமிஷம் பேசி, மாட்டிக்கொண்டு, கடைசியில் அவரையே சிரிக்கவைத்தவள். வேலை என்று வந்தால் கை சுத்தம். கலக்கும் அறையில் எடை போடுவதும், சாட்சிப் பொட்டலத்துக்குச் சீட்டு எழுதிக் கட்டுவதும் அவள் பொறுப்பு.

சாட்சிப் பொட்டலம் என்றால் இதுதான். ஒவ்வொரு கலவையிலும் இரண்டு பொட்டலத்தைத் தனியாக எடுத்துவைப்பார்கள். ஒன்றை மறுநாள் காலை பதினோரு மணிக்கு மூக்கம்மா பிரித்து, வெந்நீர் ஊற்றி ருசி பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். மற்றது அலமாரியில் மூன்று வருஷம் இருக்கும். பின்னால் யாராவது குறை சொன்னால் அதைப் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டிலும் நூலில் ஒரு சீட்டு தொங்கும். தேதி, கலவை எண், பொருளின் பெயர்.

அந்தப் பெயரில்தான் தாய்க்கும் மகளுக்கும் தகராறு. வாலு அசந்து மறந்து ‘டீ’ என்று எழுதிவிடுவாள். அசந்து மறந்தா, வேண்டுமென்றேவா என்பது அவளுக்குத்தான் தெரியும்.

"ஒரு பானம் போடேன்னு யாராச்சும் கேப்பாங்களாம்மா? ஒரு டீ போடுன்னுதான் கேப்பாங்க."

"தேயிலை இல்லாம டீ ஏதுடி?"

"கொதிக்கிற வெந்நீர், கையில ஒரு கப்பு, பக்கத்துல வம்பளக்க ஒரு ஆள். அதான் டீ. தேயிலை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"இத லேபிள் ஆபீஸ்ல போய்ச் சொல்லு. மாலை போட்டு அனுப்புவான்."

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இருவரும் குடிப்பது அசல் டீதான். நாள் முழுக்க எலுமிச்சைப்புல்லையும் சுக்கையும் நாக்கில் புரட்டித் துப்பிவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலும் அதுவே என்றால் தாங்குமா? கருகருவென்று சுருண்ட இலை, அதில் ஆரஞ்சுத் தோலைக் காயவைத்து, நகவெட்டிக் கத்தரியால் சின்னச் சின்னச் சதுரமாக நறுக்கிப் போட்டுவைப்பாள். அந்தத் தகர டப்பா அடுப்படி மேடையில் இருக்கும். கணவர் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் இருந்தது இவர்கள் இருவரும் அந்த டப்பாவும்தான்.

ஏறக்குறைய மூன்று வருஷத்துக்கு முன்னால், இதேபோல அதிகாரி வருவதற்கு முந்தின வாரம், சாயங்காலம் பட்டறை மூடுகிற நேரம். தட்டில் அன்றைய கலவையின் இரண்டு பொட்டலங்கள். இரண்டு சீட்டிலும் ‘டீ’. முதலாளி அப்போதுதான் எல்லாரையும் நிற்கவைத்து, ஒரு எழுத்து தப்பினாலும் பட்டறைக்கு ஆபத்து என்று சொல்லி முடித்திருந்தார். மூக்கம்மாவுக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ. அத்தனை பேருக்கும் முன்னால் இரண்டு சீட்டையும் பிய்த்து நாலாகக் கிழித்தாள்.

"தேயிலை ஒரு துளி இல்லாம டீன்னு எழுதறதுக்குப் பேரு என்ன தெரியுமா? பொய். பொய் சொல்ற பொண்ண நான் பெக்கல."

வாலு ஏதாவது எதிர்த்துப் பேசியிருந்தால் தேவலை. அவள் குனிந்து கிழிந்த துண்டுகளைப் பொறுக்கினாள். "சரிங்க. மாத்தி எழுதிடறேங்க" என்றாள். பெற்ற தாயிடம் ‘ங்க’. அதுவரை ஒரு நாளும் அவள் அப்படிப் பேசியதில்லை. அந்த இரண்டு எழுத்து மூக்கம்மாவின் நெஞ்சில் போய் உட்கார்ந்தது. உடனே ஒரு வார்த்தை சொல்லிச் சமாதானம் பண்ணியிருக்கலாம். பண்ணவில்லை. வீட்டுக்குப் போயும் பண்ணவில்லை. ஒருத்தி ஒரு மூலையில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள், இன்னொருத்தி இன்னொரு மூலையில்.

காலையில் மூக்கம்மா குளித்துவிட்டு வருவதற்குள் மகள் கிளம்பிப் போயிருந்தாள். டீ கூடக் குடிக்கவில்லை. கழுவி வைத்த கப்பு கழுவினபடி இருந்தது. டப்பா மட்டும் மூடி சரியாகப் பொருந்தாமல் மேடையில் கிடந்தது. போட ஆரம்பித்துவிட்டு, வேண்டாம் என்று போயிருக்கிறாள், அவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டு மூடியை அழுத்தி மூடினாள் தாய்க்காரி.

பட்டறையில் ருசி அறைக்கும் கலக்கும் அறைக்கும் நடுவே ஒரு சின்ன ஜன்னல் உண்டு. பத்து மணிக்கு அச்சகத்திலிருந்து போன் வந்தது, புது லேபிள் தயார் என்று. மகள் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கம்மா பசையக்காவைக் கூப்பிட்டு, "அவளப் போய் வாங்கிட்டு வரச் சொல்லு" என்றாள். போவதற்கு முன் வாலு அந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். எட்டிப் பார்க்கிறாள் என்று மூக்கம்மாவுக்குத் தெரியும். நிமிரவில்லை. தட்டில் இருந்த சுக்கைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள், என்னவோ அன்றைக்குச் சுக்கைப் பொறுக்காவிட்டால் உலகம் நின்றுவிடும் என்பதைப் போல.

அச்சகம் இருப்பது சாலைக்கு அந்தப் பக்கம். லேபிள் கட்டை வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது லாரி. பதினோரு மணி அடிக்கும் முன்பே பட்டறை வாசலில் ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள்.

மூக்கம்மா இருபது நாள் கழித்து வேலைக்கு வந்தாள். வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்றுதான் வந்தாள். அலமாரியில் அந்தத் தேதிக்கு நேராக இரண்டு பொட்டலமும் இருந்தன. அன்று பதினோரு மணிக்கு அவள் பிரிக்க வேண்டியதையும் யாரோ சேர்த்து உள்ளே வைத்துவிட்டிருந்தார்கள். இரண்டிலும் மகள் கையால் எழுதிய புதுச் சீட்டு. அலமாரிக்கு உரிய பொட்டலத்தில் ‘மூலிகைப் பானம்’ என்று ஒழுங்காக எழுதியிருந்தது. அம்மா பிரிக்க வேண்டிய பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் ‘டீ’. அடியில் இரண்டு கோடு.

அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். ஊருக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறாள், எனக்கு ஒரு மாதிரி எழுதியிருக்கிறாள். அத்தனை கோபமா? கோபம் தீராமலேயா போனாய்? இந்தக் கேள்விதான் அன்றிலிருந்து அவள் கூடவே இருந்தது. பஸ்ஸில் ஏறினால் ஏறியது, படுத்தால் படுத்தது. வேறு எதை வேண்டுமானாலும் தாங்கிக்கொள்வாள். மகள் தன்மேல் கோபத்தோடு செத்தாள் என்பதை மட்டும் அவளால் தாங்க முடியவில்லை.

அந்தப் பொட்டலத்தைப் பிரிக்கவும் மனம் வரவில்லை, தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. பின்வரிசையில் மற்றவற்றுக்குப் பின்னால் தள்ளிவைத்தாள். மாதா மாதம் பழசைக் கழிக்கும்போது அதன்மேல் ஒருவர் கையும் படாமல் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டாள். இன்னும் ஒரே வாரம், மூன்று வருஷம் முடிந்துவிடும். அப்புறம் வீட்டுக்கு எடுத்துப் போய்விட யாரும் தடுக்க மாட்டார்கள். போன இரண்டு வருஷமும் அதிகாரி அலமாரிப் பக்கமே வரவில்லை. கைக்குக் கிடைக்கப் போகிற நேரத்தில் வந்து அலமாரியைக் குடையக் கூடாதே என்பதுதான் அவள் பயம்.

அதிகாரி வந்தார். கையில் பெரிய கைக்குட்டை.

"சரியான ஜலதோஷம். என் மூக்கு இன்னிக்கு லீவு" என்றார். "உங்க மூக்கை நம்பித்தான் வந்திருக்கேன்மா."

பெட்டிகளைப் பார்த்தார். ‘மூலிகைப் பானம். தேயிலை சேராதது. தூக்கத்தைக் கெடுக்காது’ என்று ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பரவாயில்லை என்று தலையாட்டினார். முதலாளி காலரை விட்டார். அப்புறம் அலமாரி. முன்வரிசையில் நாலைந்து சீட்டைத் திருப்பிப் பார்த்தார். போதும் என்று கையை எடுக்கப் போனவருக்குப் பெரிய தும்மல் வந்தது. வந்த வேகத்தில் கை இடித்து முன்வரிசை சரிந்தது. அடுக்குவதற்குப் பசையக்கா ஓடி வந்தாள், மூக்கம்மாவும் ஓடி வந்தாள், அதற்குள் அதிகாரியே ஒன்றைக் கையில் எடுத்திருந்தார்.

"இது என்னம்மா? இதுல டீன்னு எழுதியிருக்கே."

முதலாளியின் கை மறுபடி காலருக்குப் போனது.

"பெட்டில தேயிலை இல்லன்னு போட்டிருக்கீங்க. இதுல டீன்னு இருக்கு. உள்ள தேயிலை இருந்தா உங்க பெட்டி பொய். இல்லன்னா இந்தச் சீட்டு பொய். ரெண்டுல எது?"

"சீட்டுதான் சார் பொய்" என்றாள் மூக்கம்மா. யோசிக்கக்கூட இல்லை, வாய் முந்திக்கொண்டது. "என் பொண்ணு எழுதினது. அவளுக்குத் தெரியல. நான் சொல்லியும் கேக்கல. அத விட்டுடுங்க சார்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று உறைத்தது. உயிரோடு இருந்தவளை நாலு பேர் முன்னால் பொய்க்காரி என்றவள், இப்போது செத்தவளையும் நாலு பேர் முன்னால் பொய்க்காரி ஆக்கிவிட்டாள். பட்டறையைக் காப்பாற்ற வேறு என்னதான் சொல்ல முடியும்? ஆனாலும் வாயில் அடித்துக்கொள்ளலாமா என்று இருந்தது.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"இல்ல சார்" என்றார் முதலாளி மெதுவாக. "தவறிடுச்சு. இந்தச் சீட்டுல இருக்கற தேதிக்கு மறுநாளே."

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். ஈரமில்லாத ஆள் இல்லை அவர். ஆனால் கண்ணில் பட்டுவிட்டதே. "மன்னிச்சுக்கோங்கம்மா. இந்தப் பேரைப் பாத்துட்டுப் பிரிக்காமப் போனா நான் என் வேலையப் பாக்கல. ஒரே ஒரு கப்பு போட்டுப் பாத்துடுங்க."

அப்படித்தான், மூன்று வருஷமாக விரல் நுனிகூடப் படாமல் காத்த பொட்டலம் ருசி மேசைக்கு வந்தது. மூக்கம்மா வெள்ளைத் தட்டை எடுத்து வைத்தாள். கப்பு, மூடி, கரண்டி, மணல் கடிகாரம், துப்புகிற தொட்டி. கை பழக்கத்தில் தன்பாட்டுக்கு வேலை செய்தது. சீட்டை அவிழ்த்துத் தனியாக வைத்தாள். கத்தரியைப் பொட்டலத்தின் வாயில் வைத்தபோது ஒன்றைக் கவனித்தாள். ஒட்டு இரண்டு வரி இருந்தது. ஒரு முறை ஒட்டி, மறுபடி திறந்து, அதற்குக் கீழே இன்னொரு முறை ஒட்டியிருந்தது.

வெட்டித் தட்டில் கவிழ்த்தாள்.

வெளிர்ப்பச்சையில் எலுமிச்சைப்புல் துண்டு. புதினாத் தூள். சுக்கு. இவற்றுக்கு நடுவே, கருகருவென்று, சுருண்டு சுருண்டு, ஒரு கைப்பிடித் தேயிலை.

"ஐயோ" என்றார் முதலாளி. அவர் கண்ணுக்குப் பட்டறைக்குப் பூட்டுப் போடுவது தெரிந்திருக்கும். "யார் கலந்தது இது? மூக்கம்மா, எப்படி வந்துச்சு இது? நம்ம கட்டடத்துக்குள்ளயே தேயிலை கிடையாதே."

மூக்கம்மா தட்டின் மேல் குனிந்திருந்தாள். தேயிலையோடு தேயிலையாக, சின்னச் சின்னச் சதுரமாக ஏதோ கிடந்தது. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஆரஞ்சுத் தோல். உலகத்தில் எத்தனையோ பேர் டீயில் ஆரஞ்சுத் தோல் போடலாம். நகவெட்டிக் கத்தரியால் இப்படி மூலை மடியாமல் நறுக்குகிறவள் ஒருத்திதான்.

கழுவினபடி இருந்த கப்பு. மூடி பொருந்தாத டப்பா.

"சார், இதோட ஜோடி இருக்கு" என்றாள். குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. "அதே தேதி, அதே கலவை. மூலிகைப் பானம்னு சீட்டு போட்டது. அதையும் பிரிங்க."

பசையக்கா எடுத்து வந்தாள். ஒட்டு ஒரே வரி. பிரித்தார்கள். புல், புதினா, சுக்கு. அதிகாரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பரப்பிப் பரப்பிப் பார்த்தார். ஒரு துளி தேயிலை இல்லை.

"அப்ப விக்கப் போன சரக்கு சுத்தம்" என்றார். முதலாளி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "ஆனா இதுல மட்டும் எப்படிம்மா?"

"இது எங்க வீட்டு டப்பாவுல இருந்த தேயிலை சார். எனக்குன்னு போட்டது. மறுநாள் பதினோரு மணிக்கு நான் பிரிச்சுக் குடிக்கறதுக்காக." அவிழ்த்து வைத்த சீட்டை விரலால் தொட்டாள். "முந்தின நாள் நான் அவளத் திட்டினேன். தேயிலை இல்லாம டீன்னு எழுதறது பொய்ன்னேன். பொய் சொல்ற பொண்ண நான் பெக்கலன்னேன். அதுக்குத்தான் சார். தேயிலைய அவளே கொண்டாந்து போட்டிருக்கா. போட்டுட்டு அப்புறம்தான் டீன்னு எழுதியிருக்கா."

பசையக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பொத்திய கையை எடுத்தாள்.

"அக்கா, அன்னிக்குக் காலையில என்கிட்ட ஒண்ணு சொன்னா. பதினோரு மணிக்கு எங்க இருந்தாலும் ஜன்னலாண்ட வந்துடு, அம்மா மூஞ்சியப் பாக்கணும், சிரிச்சு வயிறு வலிக்கும்னா. எனக்கு ஒண்ணும் புரியல. அப்புறம் அந்தக் களேபரத்துல சுத்தமா மறந்துட்டேன். அந்தப் பொட்டலத்த அலமாரில வச்சதும் நான்தான். இத்தன நாள் நீ என்ன நெனச்சுக்கிட்டு இருந்தேன்னு தெரிஞ்சிருந்தா..."

"நான்தான் யார்கிட்டயும் சொல்லலையே" என்றாள் மூக்கம்மா. "உன்ன எதுக்குச் சொல்லணும்."

வெந்நீர் ஊற்றினாள். மூடிவைத்தாள். மணல் கடிகாரத்தைத் திருப்பினாள். அந்த ஐந்து நிமிஷமும் யாரும் போகவில்லை. அவள் அந்தச் சின்ன ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அங்கிருந்து எட்டிப் பார்த்தவள் கோபத்தில் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு பார்த்திருக்கிறாள். அம்மா நிமிர்ந்தால் கண்ணைச் சிமிட்டியிருப்பாள், இல்லை அங்கேயே சிரித்து எல்லாவற்றையும் கெடுத்திருப்பாள். சாலையைக் கடக்கும்போதுகூட, இன்னும் எத்தனை நிமிஷம் இருக்கிறது பதினோரு மணிக்கு என்று கணக்குப் போட்டுக்கொண்டுதான் வந்திருப்பாள். நிமிர்ந்து பார்ப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் பாழாய்ப்போன சுக்கு ஓடியா போயிருக்கும்?

மூடியைத் திறந்தாள். அந்தக் கலவை வெளிர்மஞ்சளாக இறங்க வேண்டும். இது செக்கச்செவேலென்று இருந்தது. எலுமிச்சைப்புல்லும் சுக்கும் அடங்கிப்போய், மேலே எழுந்தது அவள் வீட்டு அடுப்படியின் வாசனை. பழசாகி மெலிந்திருந்தது. அந்த மூக்குக்கு அது போதும்.

கரண்டியால் எடுத்து உறிஞ்சினாள். ருசி பார்க்கிறவர்கள் விழுங்கக் கூடாது. நாக்கில் புரட்டித் தொட்டியில் துப்பிவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு வாய்கூட விழுங்கியதில்லை. பசையக்கா வழக்கம்போலத் தொட்டியை அருகில் தள்ளினாள். மூக்கம்மா அதைக் கையால் நகர்த்திவிட்டுக் கப்பை எடுத்தாள். நின்றபடியே, நிதானமாக, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தாள்.

சிரிப்புத்தான் முதலில் வந்தது. மகள் எதிர்பார்த்த அதே சிரிப்பு, புரையேறுகிற மாதிரி. சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பினாள். "அடிப்பாவி" என்றாள். ஜன்னலில் யாரும் இல்லை. அப்புறம்தான் அழுகை வந்தது. மூன்று வருஷமாக அவள் அழுததெல்லாம் ஒரு கணக்கிலும் சேராது என்கிற மாதிரி, மேசையைப் பிடித்துக்கொண்டு, அதிகாரி இருக்கிறார், முதலாளி இருக்கிறார் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். பசையக்கா அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். அதிகாரி கைக்குட்டையை எடுத்தார், ஜலதோஷத்துக்கு இல்லை.

கொஞ்சம் அடங்கியதும் அவரே பதிவேட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "என்ன எழுதணுமோ அத நீங்களே எழுதுங்கம்மா. நான் கையெழுத்துப் போடறேன்."

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தாள். அந்தத் தேதிக்கு நேரே ருசி பார்த்த கட்டம் காலியாகவே இருந்தது. பேனாவைத் திறந்தாள். பொருளின் பெயர் என்ற இடத்தில், தேயிலை இல்லாத எதற்கும் தன் கையால் ஒரு நாளும் எழுதாத அந்த ஒற்றை எழுத்தை எழுதினாள். டீ. அடியில் இரண்டு கோடு போட்டாள். குறிப்பு என்ற கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனா நின்றது. பிறகு, பெண் எழுதியதைப் போலவே கொட்டை எழுத்தில் எழுதினாள்.

‘சீட்டில் உள்ளது பொய் இல்லை.’

கையெழுத்துப் போட்டுவிட்டு, அவிழ்த்து வைத்த சீட்டை எடுத்து உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள். அதை யாரும் அவளிடம் திருப்பிக் கேட்கவில்லை.